பன்னிரண்டு வீட்டு அவரை

1

ஊரிலிருந்து திரும்பி ஆறு வாரம் ஆகிவிட்டது. பெட்டியைப் பிரித்து மிளகாய்த்தூளை டப்பாவிலும் சேலைகளை அலமாரியிலும் அடுக்கியாகிவிட்டது. ஒரு விஷயத்தை மட்டும் எங்கே வைப்பதென்று தெரியாமல் தூக்கிக்கொண்டு திரிகிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

விமானம் இறங்குவதற்கு முன் ஒரு தாள் கொடுப்பார்கள். பழம், செடி, விதை, மண் ஏதாவது கொண்டுவருகிறாயா என்று அதில் ஒரு கேள்வி. அமெரிக்காவுக்கு வந்த பதினான்கு வருஷத்தில் ஐந்து முறை கோயமுத்தூர் போய் வந்திருக்கிறேன். முதல் நான்கு முறையும் ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறி போட்டது பச்சைப் பொய். அப்பளக் கட்டுக்கு நடுவே வெண்டை விதையையும் கீரை விதையையும் சொருகிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். இந்த முறை போட்ட குறி நிஜம். சுங்க அதிகாரி தாளைப் பார்த்துவிட்டு, விதை எதுவும் இல்லையே என்று ஒப்புக்குக் கேட்டார். “இல்லைங்க” என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன் என்பது அவர் நிமிர்ந்து பார்த்தபோதுதான் உறைத்தது. பொய் சொன்ன நாளிலெல்லாம் எனக்கு நல்ல இங்கிலீஷ் வந்தது.

கோவைப் பக்கம் இப்போது எங்கே போனாலும் இதே பேச்சு. மரபணு மாற்றிய விதை வந்துவிட்டதாமே, கடையில் பாக்கெட் விதை வாங்கலாமா, வீட்டுக்குப் பின்னால் நாலு செடி வைத்திருக்கிற நாங்களும் பயப்பட வேண்டுமா என்று பார்த்தவர்கள் எல்லாரும் என்னைக் கேட்டார்கள். அமெரிக்காவில் இருக்கிறவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

2

என் அண்ணன் சின்னச்சாமி, கோவை கணபதியில் ஒரு பம்புசெட் கம்பெனியில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவர். வீதியில் அவரை ‘இன்ஸ்பெக்டர்’ என்றுதான் சொல்வார்கள். புதிதாக வாடகைக்கு வருகிறவர்கள் போலீஸ் என்று நினைத்துக் கொஞ்ச நாள் அடக்கமாக இருப்பார்கள். பம்பை மேசையில் ஏற்றி, தண்ணீரை அழுத்தி விட்டு, எங்காவது கசிகிறதா என்று பார்த்து முத்திரை குத்துவது அவர் வேலை. ஒருமுறை பொள்ளாச்சிப் பக்கம் ஒருவர் தோட்டத்தில் பம்பு விரிசல் விட்டுவிட்டது. வார்ப்பிலேயே குறை. அதே நாளில் வார்த்த பம்புகள் எங்கெங்கே போயிருக்கின்றன என்று கண்டுபிடித்து, அவிநாசி, தாராபுரம் என்று பஸ்ஸில் அலைந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்தவற்றையும் சேர்த்துத் திருப்பி வாங்கி வந்தார். “ஒண்ணுல குறைன்னா அந்த லாட்டே குறைதானுங்க” என்பார். சோற்றில் ஒரு கல் கடிபட்டால் மூட்டையையே சந்தேகப்படுகிற ஆள்.

ஓய்வு பெற்ற பிறகு அவருடைய இன்ஸ்பெக்‌ஷன் முழுக்க வீட்டுக்குப் பின்னாலிருந்த பொடக்காணித் தோட்டத்தில்தான் நடந்தது. நங்கை, அதாவது அண்ணி (எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்), கல்யாணமாகி வரும்போது தாராபுரத்துக்குப் பக்கத்திலிருந்த தன் பிறந்த வீட்டிலிருந்து ஒரு அவரை விதை கொண்டுவந்தார். பட்டையான காய், ஓரத்தில் ஊதாக் கோடு. நறுக்கும்போதே ஒரு வாசம் வரும். வெறும் தேங்காய்ப்பூவும் கடுகும் போதும், வேறு மசாலா போட்டால் நங்கைக்குக் கோபம் வந்துவிடும். அந்த வீதியில் அண்ணன் வீடு போக மொத்தம் பன்னிரண்டு வீடு. ஆடி நோம்பிப் பண்டிகைக்கு முன்னால் நங்கை முறத்தில் விதையை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்கு ஆறு விதை கொடுப்பார். தை மாதம் அந்த வீதியில் எந்த வீட்டில் சாப்பிட்டாலும் அதே பொரியல்தான்.

நங்கையின் பிறந்த வீட்டில் பிறகு நிலத்தை விற்றுவிட்டார்கள். தம்பிகள் பனியன் வேலைக்குத் திருப்பூர் போய்விட்டார்கள். ஆக அந்த அவரை இருந்தது கணபதியில் அந்த ஒரே வீதியில்தான். இதை அப்போது நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இருக்கிற பொருளைப் பற்றி யார் அப்படி யோசிப்பார்கள்?

3

நான் இருப்பது இல்லினாய்ஸில் ஒரு சின்ன ஊர். வீட்டுக்காரருக்கு இயந்திரத் தொழிற்சாலையில் வேலை, எனக்கு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கோப்புகளை அடுக்குகிற வேலை. ஊரைத் தாண்டினால் நாலு பக்கமும் சோளமும் சோயாவும்தான்.

தொண்ணூற்றேழு வசந்தத்தில் அண்ணனுக்கு ஒரு பாக்கெட் சுக்கினி விதை அனுப்பினேன். வெள்ளரிக்காய் மாதிரி நீளமாக, சுரைக்காய் மாதிரி மெத்தென்று இருக்கும் காய். அவருடைய பிறந்த நாள் வாழ்த்து அட்டைக்குள் விதைகளைப் பரப்பி ஒட்டினேன். தபால் ஆபீசில் பச்சை நிறத்தில் ஒரு சீட்டு கொடுத்து, உள்ளே என்ன என்று எழுதச் சொன்னார்கள். ‘வாழ்த்து அட்டை’ என்று எழுதினேன். கவுன்டர் அம்மாள் அட்டையை அழுத்திப் பார்த்து, வேறு ஏதாவது உண்டா என்றாள். இது அலங்காரம் என்றேன். அவளும் விட்டுவிட்டாள். விதையை இப்படி அனுப்பக்கூடாது என்று எனக்குத் தெரியும். செடிநோய் பரவுமே என்றெல்லாம் நான் கவலைப்படவில்லை. அண்ணனுக்கு ஒரு அதிசயத்தைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆடியில் போட்டு, இரண்டே மாதத்தில் காய் தள்ளிவிட்டது. வீதியே வந்து பார்த்தது. ‘அமெரிக்காக் காய்’ என்று பெயர் வைத்தார்கள். அண்ணன் இரண்டு காயை முற்ற விட்டு, விதை எடுத்து, அடுத்த ஆடியில் அவரையோடு அதையும் பன்னிரண்டு வீட்டுக்கும் கொடுத்தார். கொடுத்தவர் இன்ஸ்பெக்டர் ஆயிற்றே என்று நம்பி வாங்கினார்கள்.

இரண்டாவது வருஷம்தான் வம்பு. ஒரு வீட்டில் காய் உருண்டையாக வந்தது, இன்னொரு வீட்டில் கழுத்து நீண்டு வந்தது. இரண்டு வீட்டில் முளைக்கவேயில்லை. அந்த நேரம் பார்த்துப் பத்திரிகைகளில் மலட்டு விதை பற்றிய செய்தி வந்துகொண்டிருந்தது. ஒரு தடவை விளையும், அதிலிருந்து எடுத்த விதை மறு தடவை முளைக்காது, வெளிநாட்டுக் கம்பெனிகள் கொண்டுவரப்போகின்றன என்று. டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் அது இன்னும் வளர்ந்துவிட்டது. அந்தச் செடியின் பூந்தூள் காற்றில் பறந்து பக்கத்துத் தோட்டத்து விதையையும் கெடுத்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் போன் செய்தார். எனக்குச் சனிக்கிழமை சாயங்காலம். வாரம் முழுக்க வேலை செய்து களைத்திருந்தேன், அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

“அம்மணி, நீ அனுப்புன வெதை இந்தப் பேப்பர்ல போட்டிருக்கற சாதியா?”

தெரியாதுங்கண்ணா. ஒரே சொல்தான். அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் வெளிநாட்டில் இருக்கிற எங்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஊரிலிருந்து எதைக் கேட்டாலும் தெரிந்த மாதிரி பதில் சொல்லிவிடுவோம். இங்கே கடையில் நின்று ஒரு சாமானின் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் விரலை நீட்டிக் காட்டுகிறவர்கள், ஊர்க்காரர்களிடம் மட்டும் இந்த நாட்டையே நாங்கள்தான் கட்டினோம் என்பது போல் பேசுவோம். எங்கள் ஊர் சோயா வயல்களில் புது விதை வந்துவிட்டதாக ஆஸ்பத்திரி கேன்டீனில் பேசிக்கொண்டது அரைகுறையாகக் காதில் விழுந்திருந்தது. அந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு பேசினேன்.

“இங்கெல்லாம் இப்ப அதுதானுங்கண்ணா. லேப்ல செய்யாத வெதை இந்த ஊருல ஏதுங்க?”

“பக்கத்துல இருக்கற செடிக்கும் ஏறிக்குமாமா?”

“காத்து அடிச்சா ஏறத்தானுங்களே செய்யும்!” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. என் குரலே எனக்கு எதிரொலித்துத் திரும்பி வந்தது. “செரி அம்மணி, வெச்சர்றேன்” என்றார். நான் சாம்பாரை இறக்கப் போனேன்.

4

நடந்தது எனக்கு நங்கையின் கடிதத்தில்தான் தெரிந்தது. நங்கை அதிகம் எழுத மாட்டார். அந்தத் தடவை இன்லண்ட் மாதிரி மடிக்கிற அந்த நீல நிறக் கடிதத்தின் ஓரமெல்லாம் எழுதியிருந்தார்.

போனை வைத்ததும் அண்ணன் முதலில் தன் தோட்டத்தைப் பிடுங்கியிருக்கிறார். சுக்கினியை மட்டுமல்ல, அவரையையும். மார்கழி என்றால் அவரை பூவும் பிஞ்சுமாகப் பந்தல் தெரியாமல் மூடியிருக்கும் காலம். காய் முற்றி விதையாக இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகு மிச்சமிருந்த பழைய விதையை டின்னோடு எடுத்து வெந்நீர் அடுப்பில் கொட்டினார். “ஒரே பொடக்காணியில வெளைஞ்சது, ஒரே முறத்துல போனது. ஒரே லாட்டு” என்றாராம்.

பிறகு ஒரு சிமென்ட் சாக்கை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு வீட்டுக்கும் போனார்.

“ஏனுங்க, நாங்க குடுத்த வெதையில குறை இருக்குதுங்க. தப்பா நெனைக்காதீங்க. செடியப் புடுங்கிப் போட்டு, மிச்ச வெதை இருந்தா என்கிட்டயே குடுத்துருங்க” என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லியிருக்கிறார். கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பதற்கு அவர் எவ்வளவு கூசியிருப்பார் என்று எனக்குத் தெரியும். கூச்சத்தையும் மீறிக் கேட்டார், ஏனென்றால் அது அவர் முத்திரை குத்தி அனுப்பிய சரக்கு. பிடுங்கிய கொடியெல்லாம் காய்ந்த பிறகு, மூன்று நாள் அந்த வீட்டில் வெந்நீருக்கு விறகு வாங்கவில்லையாம்.

நங்கை எழுதியதில் ஒரு பத்தியை மட்டும் அப்படியே தருகிறேன்.

“நம்மூட்டு அவரைக்கும் அந்தக் காயிக்கும் கொடியே வேற, பூவே வேற, அது எப்படிங்க இதுல வந்து ஏறும்னு கேட்டேன் அம்மணி. உனக்கு என்ன தெரியும், அம்மணி அங்கயே இருந்து பாத்துச் சொல்றான்னுட்டாரு. நீங்க படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனாலும் பந்தலைப் பாத்தா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.”

இதைப் படித்தபோது எனக்கு அண்ணன் மேல்தான் கோபம் வந்தது. இப்படியா ஒரு மனுஷர் அவசரப்படுவார் என்று வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். நான் சொன்னது சரியா என்று ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோன்றவில்லை.

5

தோன்ற வைத்தது என் மகள் நித்யா. அவள் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறாள். மாமாவிடம் போனில் “நல்லா இருக்கேன் மாமா, நீங்க நல்லா இருக்கீங்களா” என்ற இரண்டு வாக்கியம் பேசுவாள், மூன்றாவது வாக்கியத்துக்குப் போனை என்னிடம் நீட்டிவிடுவாள். நானும் அவள் என்ன படிக்கிறாள் என்று கேட்டதில்லை. மார்க் கேட்டிருக்கிறேன், சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறேன்.

இந்த வருஷம் ஏப்ரலில் விடுமுறைக்கு வந்தவளைக் கூட்டிக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். விதை மாட்டியிருந்த தட்டில் ஒரு பாக்கெட்டில், இது மரபணு மாற்றிய விதை அல்ல என்று புதிதாக அச்சடித்திருந்தார்கள். அப்படியென்றால் மற்ற பாக்கெட்டெல்லாம் அதுதானே என்றேன். அவள் சிரித்தாள். வீட்டுத் தோட்டத்துக்கு விற்கிற பாக்கெட்டில் அந்த விதை வருவதேயில்லை, அதெல்லாம் நூற்றுக்கணக்கான ஏக்கரில் சோயாவும் சோளமும் பருத்தியும் போடுகிறவர்களுக்கு, கையெழுத்து வாங்கிக்கொண்டு விற்பது என்றாள்.

நான் அண்ணனுக்கு அனுப்பிய அதே சுக்கினி பாக்கெட் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக் காட்டினேன். “ஹைப்ரிட்” என்று படித்தாள். இரண்டு வேறு வேறு செடிகளைச் சேர்த்து எடுத்த விதை. நம் ஊரில் நாட்டுப் பசுவுக்குச் சீமை ஊசி போட்டுக் கன்று எடுக்கிறார்களே, அந்த மாதிரி என்று நானாகப் புரிந்துகொண்டேன். அதிலிருந்து எடுக்கிற அடுத்த விதை ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாயலில் வருமாம். குறையில்லை, அதன் குணமே அது. முளைக்காததற்கு விதை சரியாகக் காயாததே காரணமாக இருக்கலாமாம். மலட்டு விதை?

“அது இன்னும் எந்தக் கடைக்கும் வரலைம்மா. பேப்பர்லதான் இருக்கு.”

“காத்துல பறந்து அவரையில ஏறாதா?”

“சுக்கினி அவரையிலயா? அம்மா, அது ரெண்டும் சொந்தமே இல்லை.” கொடியே வேற, பூவே வேற என்று ஆறாவது வரைக்கும் படித்த நங்கை அன்றைக்கே சொன்ன அதே பதில்.

பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். என்ன ஆயிற்று என்றாள். கடைக்குள் நின்றுகொண்டே சொன்னேன். அவள் பாக்கெட்டை என் கூடையில் போட்டாள். “என்னைக் கேட்டிருக்கலாமே” என்றாள். அந்தக் குரலில் மாமாவின் தோட்டத்துக்காக வந்த வருத்தத்தைவிட வேறொன்று அதிகமாக இருந்தது. எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

மறுநாள் பாக்கெட்டின் பின்னால் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். இருபது நிமிஷம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். வந்த பெண்ணிடம் என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லி, மூன்று விதமாக மாற்றி மாற்றிக் கேட்டேன். எங்கள் விதை எதுவும் அப்படிப்பட்டதல்ல என்று மூன்று தடவையும் பொறுமையாகச் சொன்னாள். சரக்கில் ஏதாவது குறையா அம்மா என்றாள். சரக்கில் இல்லை என்றேன்.

ஆக, கேட்டவர்களுக்கு என் பதில் இது. எனக்குத் தெரிந்தவரை, நாலு செடி வைத்திருக்கிற நீங்கள் கத்தரி, வெண்டை, தக்காளி விதைப் பாக்கெட்டைப் பார்த்து இப்போதைக்கு நடுங்க வேண்டியதில்லை. ஹைப்ரிட் என்று போட்டிருந்தால் அதில் விதை எடுத்து அடுத்த வருஷத்துக்கு நம்பாதீர்கள். பெரிய வயல்களில் என்ன வருகிறது, யார் கையில் விதை போகிறது என்ற கவலை நியாயமானது. அதை விவசாயம் பார்க்கிறவர்களோடு சேர்ந்து கேளுங்கள், சத்தமாகவே கேளுங்கள். ஆனால் பயத்தில் உங்கள் டின்னில் இருக்கிற விதையைத் தொடாதீர்கள். தெரியாதவர்களிடம் கேட்காதீர்கள், முக்கியமாக என்னைப் போல் வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களிடம்.

இதை அண்ணனுக்கு எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். மூன்றையும் கிழித்துப் போட்டேன். எழுதாமல் விட்டால் அவர் ஒரு வீதியைக் காப்பாற்றியவராக நிம்மதியாக இருப்பார். எழுதினால் நல்ல சரக்கைக் கொளுத்தியவர் ஆகிவிடுவார். அவருடைய நிம்மதிக்காகத்தான் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதி, என் மானம்.

நங்கை ஒருமுறை எனக்குக் கொடுத்தனுப்பிய அவரை விதையில் ஒன்றாவது மிஞ்சியிருக்குமா என்று சமையலறையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினேன். மிஞ்சவில்லை. அந்த வருஷமே அத்தனையையும் ஊன்றியிருந்தேன். கோடையில் கொடி கூரை வரைக்கும் ஏறிற்று, பூக்கவேயில்லை. பூக்க நினைக்கும்போது உறைபனி வந்து ஒரே ராத்திரியில் கருக்கிவிட்டது.

6

ஆடியில் ஊருக்குப் போனேன். மூன்று நாள் தள்ளிப்போட்டேன். நாலாம் நாள் காலையில் அண்ணன் தோட்டத்துக் கட்டிலில் காப்பியோடு உட்கார்ந்திருக்கும்போது சொன்னேன். பந்தலில் கம்பிகள் மட்டும் இருந்தன. எதை ஏற்றுவதென்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றார் நங்கை.

அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“கம்பெனிலயே கேட்டுப் பாத்தயா அம்மணி?”

“கேட்டனுங்கண்ணா. மூணு தடவை.”

“அப்ப வெதையில குறை இல்லை.”

“இல்லீங்கண்ணா. எனக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி சொல்லிப்போட்டேன்.”

அரிசி புடைத்துக்கொண்டிருந்த நங்கையின் கை நின்றது. அன்னைக்கே நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “காப்பி ஆறுதுங்” என்று மட்டும் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் குடிக்கவில்லை. கம்பிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குக் கண் கலங்கிப் பார்த்ததில்லை நான். அன்றைக்குப் பார்த்தேன். எனக்கு அங்கேயே விழுந்து அழ வேண்டும் போலிருந்தது.

பிறகு எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

“பன்னெண்டு ஊட்டுக்கும் போயிச் சொல்லிப்போட்டு வந்தர்றேன்.”

“நானும் வாரேனுங்கண்ணா.”

“வா. ஆனா நீ வாயத் தொறக்காத. ஒறம்பரையா, விருந்துக்கு வந்திருக்கறவ. உம் பேரு இதுல வரக்கூடாது.”

மறுத்திருக்க வேண்டும். “சரிங்கண்ணா” என்றேன். அப்போது எனக்கு வந்தது நிம்மதி. அதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

போகும்போது மனசுக்குள் ஒரு ஆசையும் இருந்தது. பன்னிரண்டு வீட்டில் யாராவது ஒருவர் அண்ணன் பேச்சைக் கேட்காமல் இருந்திருப்பார்கள். சோம்பலில் ஒரு கொடியை விட்டிருப்பார்கள், ஒரு பிடி விதையைப் பரணில் மறந்திருப்பார்கள். மனுஷர்கள் என்றால் அப்படித்தானே இருப்பார்கள்?

முதல் வீடு பஸ் கண்டக்டராக இருந்த பழனிச்சாமி அண்ணன் வீடு. “வெதையில ஒரு குறையும் இல்லையாமுங்க, நான்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன். ஒண்ணு ரெண்டு மிச்சம் இருக்குதுங்களா?” என்று கேட்டார் அண்ணன். “அட, நீங்க சொன்ன பொறவு வெச்சிருப்பனுங்களா? அன்னைக்கே சுத்தமா எடுத்துப் போட்டனுங்க” என்றார் அவர், பெருமையாக. பாத்திமா அக்கா ஒரு படி மேலே போய், செடி இருந்த இடத்து மண்ணையே கொத்தி எடுத்து வெயிலில் காய வைத்ததாகச் சொன்னார். “உங்க வார்த்தைய நாங்க எப்பங்க தட்டியிருக்கோம்?” வீட்டுக்கு வீடு இதே பதில். ஒவ்வொரு பதிலுக்கும் அண்ணனின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. பதினொரு வீடு முடிந்தது.

கடைசி வீடு தெய்வானையக்கா. சாக்கடைத் தண்ணீர்த் தகராறில் அண்ணனோடு ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. நங்கை விதை கொடுத்தால் வாங்கிக்கொள்வார், அண்ணனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வீதியில் யார் எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாகச் செய்கிறவர் என்று பெயர். என் நம்பிக்கை முழுக்க அவர் மேல்தான் இருந்தது. வீம்புக்காவது ஒரு கொடியை வைத்திருப்பார் என்று மனசார வேண்டிக்கொண்டே நின்றேன்.

அண்ணன் சொல்லி முடிக்கும் வரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார் தெய்வானையக்கா.

“சண்டை சாக்கடைத் தண்ணிக்குத்தானுங்க. நீங்க பாத்துச் சொன்னா அதுல ரெண்டு பேச்சு இருக்காதுன்னு இந்த வீதிக்கே தெரியுமே. ஒண்ணு விடாமப் புடுங்கி நானே கொளுத்திப்போட்டனுங்க.” பிறகு அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் பதறினார். “ஏனுங்க, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டேனுங்களா?”

“நீங்க ஒரு தப்பும் பண்ணலீங்க. நான்தான் சரியாப் பாக்காமச் சொல்லிப்போட்டேன்” என்றார் அண்ணன்.

முப்பது வருஷம் பார்க்காமல் ஒரு முத்திரை குத்தாதவர். தெய்வானையக்கா என்னையும் பார்த்தார், ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். வீட்டுக்கு வரும் வழியில் அண்ணனுக்கு எதிரே வந்த இரண்டு பேர் வணக்கம் சொன்னார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை.

இந்தப் பத்திரிகை அந்த வீதியில் இரண்டு வீட்டுக்கு வருகிறது. ஒருவர் படித்தால் மற்றவர்களுக்கும் போய்ச் சேரும். நான் எழுதியதைப் பார்த்தால் அண்ணன் என்மேல் கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும். வீதிக்காரர்களே, உங்கள் இன்ஸ்பெக்டர் பார்க்காமல் சொல்லவில்லை. அவர் கையில் பார்ப்பதற்கு வழியில்லாத ஒன்றை என்னிடம் கேட்டார். தெரியாததைத் தெரியும் என்று சொன்னது நான். என் பெயர் சரஸ்வதி, சின்னச்சாமியின் தங்கை. அன்றைக்கு உங்கள் பன்னிரண்டு வாசலிலும் அவர் தலைகுனிந்து நிற்கும்போது, அவருக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான்தான்.